எடிட்டருக்குள் யாரை விட்டிருக்கிறீர்கள்? எக்ஸ்டென்சன் விசயத்தில் நாம் விடுகிற தவறுகள்

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு தம்பியின் லப்டொப்பைப் பார்க்க நேர்ந்தது. நெல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு உறுப்பினர் பதிவு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். அவர் நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் திறக்கவே நேரம் எடுத்தது. எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரச் சேர்க்கும் சிறு நிரல்களைத்தான் எக்ஸ்டென்சன் என்கிறோம். டெர்மினலில் ‘கோட்’ கட்டளையோடு ‘லிஸ்ட் எக்ஸ்டென்சன்ஸ்’ என்று கொடுத்துப் பட்டியலை எடுத்தோம். 63 இருந்தன. “இதில எத்தனை பாவிக்கிறீங்கள், தம்பி?” என்று கேட்டேன். யோசித்து ஏழெட்டைச் சொன்னார். மற்றவை யூடியூப் பாடம் பார்த்தபோது போட்டவை, கம்பஸில் கூட்டாளி சொல்லிப் போட்டவை. சிலதை ஏன் போட்டார் என்று அவருக்கே நினைவில்லை.

அதே லப்டொப்பில் சங்கத்தின் டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்தது. சேர்வருக்குள் போகும் எஸ்எஸ்எச் சாவி இருந்தது. உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் உள்ள எக்செல் கோப்பும் இருந்தது. அந்த 63 எக்ஸ்டென்சன்களில் எதுவும் இவை மூன்றையும் திறந்து வாசிக்கலாம். போனில் ஒரு செயலி கமெராவைத் தொட வேண்டுமென்றால் முதலில் உங்களிடம் அனுமதி கேட்கும். விஎஸ் கோடில் அந்த ஏற்பாடு இல்லை. எடிட்டருக்கு என்ன உரிமை உண்டோ அதே உரிமையோடுதான் எக்ஸ்டென்சனும் ஓடுகிறது. கோப்புகளை வாசிக்கலாம், இணையத்துக்கு அனுப்பலாம், வேறு நிரலை இயக்கலாம்.

“அக்கா, இது சும்மா கலர் மாத்திற தீம்தானே” என்று ஒன்றைக் காட்டினார். சரி, உள்ளே பார்ப்போம் என்று யூசர் கோப்புறைக்குள் இருக்கும் ‘.விஎஸ்கோட்’, அதற்குள் ‘எக்ஸ்டென்சன்ஸ்’ என்று போய், அந்தத் தீமின் ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பைத் திறந்தோம். நிறத்தை மட்டும் மாற்றும் தீமுக்கு நிறங்களின் பட்டியல் போதும், ஓடுகிற கோடு (நிரல் வரிகள்) தேவையில்லை. இதில் ‘மெயின்’ என்று ஒரு வரி, ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் காட்டிக்கொண்டு நின்றது. ‘ஆக்டிவேசன் ஈவென்ட்ஸ்’ இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. எடிட்டர் திறந்த உடனேயே என்னை ஓடவிடு என்பதுதான் அதன் பொருள். அந்தக் கோடு கெட்டது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் நிறம் மாற்ற வந்தவருக்கு அது ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. நீக்கினோம். எக்ஸ்டென்சனைப் பார்த்துப் பழக இந்த இரண்டு வரிகளில் தொடங்குங்கள், ஐந்து நிமிட வேலை.

பலரும் விடுகிற அடுத்த தவறு, பதிவிறக்க எண்ணிக்கையை நம்புவது. 2025 நடுப்பகுதியில் ரஷ்யாவைச் சேர்ந்த ஒரு பிளொக்செயின் நிரலாளர், விஎஸ் கோடை அடிப்படையாகக் கொண்ட கர்சர் எடிட்டரில், பிளொக்செயின் நிரல் எழுதும் சொலிடிட்டி மொழிக்கு எக்ஸ்டென்சன் தேடினார். உண்மையானதுக்கு மேலே போலி ஒன்று வந்து நின்றது. விளக்கம் அப்படியே பிரதி. எண்ணிக்கையும் ஐம்பதாயிரத்தைத் தாண்டிக் காட்டியது. போட்டார். கோடுக்கு நிறம் வரவில்லை. ஏதோ பிழை என்று விட்டுவிட்டார். சுமார் 5 இலட்சம் டொலர் பெறுமதியான கிரிப்டோ போய்விட்டது. அந்தப் போலியைத் தளத்தில் இருந்து நீக்கிய பிறகு இன்னொரு போலி வந்தது. அதில் எண்ணிக்கை 20 இலட்சம். வெளியீட்டாளர் பெயரில் சிறிய ‘எல்’ இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ‘ஐ’. எடிட்டரின் எழுத்துருவில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வயலில் களையாக முளைக்கும் பன்றிநெல்லும் இப்படித்தான். நாற்றாக நிற்கும்போது யாருக்கும் தெரியாது.

ஆகவே எடிட்டரின் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டி மேலே வருவதை எடுக்காதீர்கள். அந்த மொழியின் அல்லது கருவியின் சொந்த இணையத்தளத்துக்குப் போய், அங்கே இருக்கும் இணைப்பு வழியாக வாருங்கள். நீல நிற ‘வெரிஃபைட்’ அடையாளத்தையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். வெளியீட்டாளர் ஓர் இணைய முகவரிக்குச் சொந்தக்காரர், ஆறு மாதமாவது பிரச்சினையில்லாமல் இருந்திருக்கிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. கோடை யாரோ வாசித்து நல்லது என்று சொன்னதாக அதற்குப் பொருள் இல்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறென்று நான் நினைப்பது, போடுகிற நாளில் மட்டும் பார்ப்பது. அன்றைக்கு நல்லதாக இருந்தது தானாக அப்டேட் ஆகி இன்னொன்றாக மாறலாம். 2025 ஜூலையில் அமேசனின் ஏஐ உதவியாளரான அமேசன் கியூ எக்ஸ்டென்சனின் 1.84.0 பதிப்புக்குள் வெளியாள் ஒருவர், கணினியில் உள்ளதை அழிக்கச் சொல்லும் கட்டளையைச் சேர்த்துவிட்டார். அது அப்படியே வெளியானது. கிட்டத்தட்ட பத்து இலட்சம் பேர் நிறுவியிருந்த எக்ஸ்டென்சன் அது. கட்டளை சரியாக வேலை செய்யாததால் தப்பினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் கிளாஸ்வேர்ம் என்ற, தானாகப் பரவும் கெட்ட நிரல் வந்தது. கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் எழுத்துகளுக்குள் கெட்ட கோடை ஒளித்து, பிடிபட்ட நிரலாளரின் கடவுச்சாவிகளைத் திருடி, அவர் வெளியிடும் எக்ஸ்டென்சன்களுக்குள்ளும் புகுந்தது. அப்பாவியாக நல்ல எக்ஸ்டென்சன் எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூட அதற்கு வழியாகிப் போனார்கள்.

அப்படியானால் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துவதா? முழுதாக நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. நாங்கள் செய்வது, எண்ணிக்கையைக் குறைப்பது. பத்துக்குள் இருந்தால் ஒவ்வொன்றையும் யார் வைத்திருக்கிறார், கைமாறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க முடியும். சேர்வர் சாவி உள்ள வேலைக்கு எடிட்டருக்குள் தனி ‘புரொஃபைல்’ (தனி அமைப்புத் தொகுதி) திறந்து, தேவையான மூன்று நான்கை மட்டும் அதில் வைக்கிறோம். புதிதாக முயன்று பார்க்கும் எதையும் அந்தப் புரொஃபைலில் போடுவதில்லை. ஆனால் அதே கணினியில் ஓடும் எக்ஸ்டென்சன் கோப்புகளை வாசிப்பதை இது தடுக்காது.

சந்தேகமும் சில நேரம் பிழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரியில் மிகப் பிரபலமான மெட்டீரியல் தீமை, உள்ளே மறைத்து எழுதிய கோடு இருப்பதைக் கண்டு மைக்ரோசொஃப்ட் நீக்கியது. பிறகு மீண்டும் ஆராய்ந்து, மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்த்தது. அதனால் யாரையும் கள்ளர் என்று வட்சப் குழுவில் போடுவதற்கு முன் நிதானியுங்கள். உங்கள் கணினியில் இருந்து எடுத்துவிட யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.

‘இந்தக் கோப்புறையை நம்புகிறீர்களா’ என்று 2021 முதல் விஎஸ் கோட் கேட்கிறதே, அது காப்பாற்றும் என்று நினைப்பவர்களும் உண்டு. தெரியாதவரின் புரொஜெக்டைத் திறக்கும்போது அது உதவும். ஏற்கனவே உள்ளே இருக்கும் கெட்ட எக்ஸ்டென்சனை அது தடுக்காது.

இனி லைசென்ஸ். இதைப் பற்றி எங்கள் பக்கம் கதைப்பவர்கள் குறைவு. முதலில் ஒரு வீண் பயத்தைத் தீர்க்கலாம். ஜிபிஎல் என்பது, தன் கோடைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளையும் அதே நிபந்தனையில் திறந்து கொடுக்கச் சொல்லும் லைசென்ஸ். அது உள்ள எக்ஸ்டென்சனைப் பாவித்து எழுதியதால் உங்கள் கோடு ஜிபிஎல் ஆகிவிடாது. அந்த எக்ஸ்டென்சனின் கோடை வெட்டி உங்கள் மென்பொருளுக்குள் ஒட்டினால், அல்லது அது தன் கோடை உங்கள் கோப்பில் எழுதிவிட்டால்தான் கேள்வி வரும். லைசென்ஸே போடாமல், நிரலாளர்கள் கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்த எக்ஸ்டென்சனின் கோடை ‘கிட்ஹப்பில் இருக்குதானே’ என்று எடுப்பது அதைவிடப் பிழை. லைசென்ஸ் இல்லையென்றால் உரிமை முழுவதும் எழுதியவருக்கே. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது.

அடுத்தது, ‘விஎஸ் கோட் இலவசம், எல்லாம் இலவசம்’ என்ற எண்ணம். அதன் மூலக் கோடு, யாரும் எடுத்துப் பாவிக்க விடும் எம்ஐடி லைசென்ஸில் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் தளத்தில் பதிவிறக்கும் விஎஸ் கோடுக்கு அவர்களின் தனி லைசென்ஸ். எக்ஸ்டென்சன் எடுக்கும் அவர்களின் தளமான மார்க்கெட்பிளேஸில் உள்ளவற்றை விசுவல் ஸ்டுடியோ குடும்பத்து எடிட்டர்களில் மட்டுமே பாவிக்கலாம் என்பது நிபந்தனை. மைக்ரோசொஃப்டின் பைலான்ஸ், ரிமோட் எஸ்எஸ்எச் போன்ற எக்ஸ்டென்சன்கள் திறந்த மூலம் இல்லை. அந்த மூலக் கோடில் இருந்து பிறர் உருவாக்கிய விஎஸ்கோடியத்திலோ கர்சரிலோ அவற்றைக் கோப்பாக எடுத்துப் போடுவது நிபந்தனை மீறல். 2025 ஏப்ரலில் சி பிளஸ் பிளஸ் எக்ஸ்டென்சன் அந்த எடிட்டர்களில் ஓட மறுத்தபோது பலர் வேலை நடுவில் நின்றார்கள். கர்சர் பாவிப்பவர்கள் திறந்த எக்ஸ்டென்சன் தளமான ஓப்பன் விஎஸ்எக்ஸில் இருந்து எடுங்கள். அதிலும் மூல ஆசிரியர்தான் வெளியிட்டாரா என்று பாருங்கள், அதே பெயரில் வேறொருவரும் வெளியிட்டிருக்கலாம். சில எக்ஸ்டென்சன்களில் ஒரு பகுதி இலவசம், இன்னொரு பகுதிக்குக் காசு. கிட்லென்ஸிலும் பிஎச்பி இன்டெலிஃபென்ஸிலும் அப்படித்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர் கோடு தணிக்கை கேட்கும் நாளில், காசு கட்டாமல் திறந்துகொண்ட பகுதி ஏதும் இருக்கிறதா என்று நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பும் லைசென்ஸும் ஒன்றாகக் கெடும் இடம் பென் டிரைவ். இணைய டேட்டாவை மிச்சப்படுத்த ஒருவர் பதிவிறக்கிய விஎஸ்ஐஎக்ஸ் கோப்பு, அதாவது எக்ஸ்டென்சனைக் கட்டிய பொதி, நான்கு பேருக்குப் போகிறது. காசு கட்டாமல் ‘கிராக்’ செய்ததும் அதோடு சேர்ந்து வருகிறது. விஎஸ்ஐஎக்ஸ் என்பது சிப் கோப்புதான். யாரும் திறந்து, இரண்டு வரி சேர்த்து, திரும்பக் கட்டலாம். கோப்பாகப் போட்டதற்கு ஆட்டோ அப்டேட்டும் இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கும், அதனால் பழைய ஓட்டை அப்படியே கிடக்கும். டேட்டாச் செலவு எனக்கு விளங்குகிறது. அப்படியானால் ஒருவர் மூல இடத்தில் இருந்து எடுத்து, பதிப்பு இலக்கத்தை எழுதி வைத்து, மாதம் ஒருமுறை எல்லோருக்கும் புதிதாக்கட்டும்.

பெரும்பாலான ஏஐ உதவியாளர் எக்ஸ்டென்சன்கள் திறந்திருக்கும் கோடைத் தங்கள் சேர்வருக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன. அந்த எக்செல் கோப்பில் இருந்தவை புளியங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் உள்ள விவசாயிகளின் விபரங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இப்படியான தரவைப் பற்றித்தான். சோதனைக்குப் பொய்யான பெயர்களும் இலக்கங்களும் போதும். உண்மையானதைப் புரொஜெக்ட் கோப்புறைக்குள் வைக்கவே வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன்.

63 இல் 9 மிஞ்சின. “சரி அக்கா, முடிஞ்சுது” என்று லப்டொப்பை மூடப் போனார். முடியவில்லை. நீக்கிய எக்ஸ்டென்சன் எதையாவது ஏற்கனவே எடுத்திருந்தால், அது இன்னும் அவர்கள் கையில்தான். அதனால் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றினோம். புதிய எஸ்எஸ்எச் சாவி உருவாக்கி, பழையதைச் சேர்வரில் இருந்து அழித்தோம். கிட்ஹப்பில் கடவுச்சொல்போல் பாவிக்கும் பழைய டோக்கன்களை இரத்துச் செய்து, யார் எங்கிருந்து நுழைந்தார்கள் என்ற பதிவையும் பார்த்தோம். பிறகு அவர் சங்கத்தின் முகாமையாளருக்குப் போன் எடுத்து, என்ன நடந்தது, எதை மாற்றியிருக்கிறோம் என்பதை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.