மனைப்பிரிவு வரைபடம்: ஃபைல் திரும்பாமல் இருக்க நான் கற்றுக்கொண்டது

குடும்ப நிலம் ஒரு ஏக்கர் சொச்சம். அதை மனைகளாகப் பிரித்து டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஃபைல் இரண்டு முறை திரும்பி வந்தது, இரண்டுமே என் அவசரத்தால். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் நிலம் இருந்தால் நீங்கள் போகவேண்டியது சிஎம்டிஏவுக்கு (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்). இரண்டு இடத்திலும் 2019-ஆம் வருட ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான்.

1. காகிதங்கள்

பட்டா, புலப்பட நகல் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம், எல்லோரும் எஃப்எம்பி என்பார்கள்), அ-பதிவேடு (கிராமத்தின் நில விவரப் பதிவேடு), மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று. பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து முடித்த பிறகு மேலே படியுங்கள்.

2. மூன்று பரப்பும் ஒத்துப்போகிறதா?

நான் முதலில் சறுக்கிய இடம் இது. பத்திரம் ஏக்கர்-சென்டில் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏரில் பேசும், களத்தில் டேப் மீட்டரில் பேசும். எல்லாவற்றையும் சதுர மீட்டருக்கு மாற்றுங்கள். ஒரு ஏர் 100 ச.மீ., அதாவது 2.47 சென்ட். எங்கள் பத்திரத்தில் 1 ஏக்கர் 6 சென்ட், அது 4,290 ச.மீ. பட்டாவில் 0.42.0 ஹெக்டேர், அது 4,200. நான் பத்திரக் கணக்கை வைத்து மனை போட்டுவிட்டேன். ஃபைல் திரும்பியது.

சரி, பட்டாவை எடுத்துக்கொள்வோம் என்று இடத்தை அளந்தால் 4,136தான் வந்தது. மீதி 64 எங்கே? எஃப்எம்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூலைக்கற்களைத் தேடினோம். மூன்று கிடைத்தன. வடகிழக்குக் கல்லைக் காணோம். கடைசியில் வேலிக்காத்தான் புதரை வெட்டியபோது, பக்கத்து நிலத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் மூன்றடி தள்ளி மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. கிழக்கு எல்லை 70 மீட்டர். மூன்றடியைப் பெருக்கிப் பாருங்கள், 64 வரும். வேலியைத் தள்ளிப் போடச் சொல்லிச் சண்டைக்குப் போகாமல், கைவசம் இருந்த 4,136-க்கே வரைபடம் போட்டோம். உங்களுக்கு அந்த மூன்றடி வேண்டுமென்றால், தாலுகா அலுவலகத்தில் எஃப்-லைன் அளவீட்டுக்கு (அரசு சர்வேயர் வந்து எல்லையை அளந்து காட்டுவது) மனு கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை வரைபடத்தைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. இணையத்தில் இறக்கும் எஃப்எம்பியை அச்செடுக்கும்போது பிரிண்டர் தானாகத் தாளுக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கிவிடும். அதன்மேல் ஸ்கேல் வைத்து அளந்து நான் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

3. அளவை, வரைவு

டோட்டல் ஸ்டேஷன் (தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி) வைத்திருக்கும் சர்வேயரைப் பிடியுங்கள். நிலத்தைச் சுற்றி நடந்தால் பரப்பு சொல்லும் மொபைல் ஆப் எல்லாம் தென்னங்கன்று எத்தனை வைக்கலாம் என்று பார்க்கத்தான் லாயக்கு. வரைபடம் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில். நிலப்பட மென்பொருளான கியூஜிஐஎஸ் எனக்குப் பிடிக்கும், இலவசம், ஆனால் செயற்கைக்கோள் படத்தின் மேல் எல்லையைப் போட்டுப் பார்ப்பதற்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்தினேன். நிலத்தோடு கிணறு, வாய்க்கால், மின்கம்பி, சுற்றியுள்ள புல எண்கள், வடக்குக்குறி எல்லாம் காட்டவேண்டும். மின்கம்பியை மறப்பவர்கள்தான் அதிகம்.

அணுகுசாலை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, வருவாய்ப் பதிவேட்டில் பொதுச்சாலையாக இருக்கவேண்டும்.

4. ஓ.எஸ்.ஆர்.

பரப்பு 3,000 ச.மீ.-ஐத் தாண்டினால் திறந்தவெளி ஒதுக்கீடு உண்டு. சாலைகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் 10 சதவீதம். எங்களுக்குச் சாலை 936 போக 3,200, அதில் 320 ச.மீ.

இரண்டாவது முறை ஃபைல் திரும்பியது இதில்தான். தென்மேற்கில் மனைக்கு உதவாத முக்கோணம் ஒன்று இருந்தது. பரப்பு சரியாக வந்ததால் அதையே பூங்கா என்று எழுதிவிட்டேன். ஒதுக்கும் இடம் 100 ச.மீ.-க்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறுகக்கூடாது என்ற விதியை நான் பாதிதான் படித்திருந்தேன். முக்கோணத்தின் கூர்முனையில் பத்து மீட்டருக்கு எங்கே போவது? பிறகு சாலையை ஒட்டி 16-க்கு 20 என்று கட்டமாக எடுத்துக் கொடுத்தோம். ஒரு நல்ல மனை போனது. 10,000 ச.மீ. வரை இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழியுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

5. அதற்குப் பிறகு

ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பம். பரிசீலனை முடிந்தால் சாலையும் ஓ.எஸ்.ஆரும் மட்டும் இருக்கும் ஸ்கெலிட்டன் பிளான் வரும். அந்த இரண்டையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். அதன்பிறகுதான் இறுதி ஒப்புதல். 500 ச.மீ.-க்கு மேல் என்பதால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதியாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது.

பின்சேர்க்கை 1: "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறதே, போதாதா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். போதாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு 2017-இல் வந்த வரன்முறை விதிகள் (அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்துபவை) வேறு கதை. புதிதாகப் பிரிக்கிறவருக்கு அந்தக் கதவு கிடையாது.

பின்சேர்க்கை 2: 2024-இல் வந்த சுயசான்று அனுமதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் வீடு கட்டுவதற்கு. மனை பிரிப்பதற்கு இல்லை.

பின்சேர்க்கை 3: நன்செய் நிலம் வைத்திருப்பவர்கள் வேளாண் துறையின் கருத்தையும் வாங்கவேண்டியிருக்கும். எங்களுடையது புன்செய் என்பதால் எழுத மறந்துவிட்டேன்.