சேஸிஸ் எண்ணை வைத்துப் பழைய காரின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய காரில் பெயின்ட், சீட், என்ஜின் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். அது எந்த ஆலையில், எப்போது பிறந்தது என்பதற்கு, ஒவ்வொரு காருக்கும் தனியாகக் கொடுத்த சேஸிஸ் எண்தான் சாட்சி.

படி 1: எண்ணைத் தேடுங்கள்

பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, ரிவிட் அடித்த தகடு. மற்றொன்று, பாடி உலோகத்திலேயே குத்திய எண். தகட்டைக் கழற்றி வேறு காரில் அடித்துவிடலாம் என்பதால் நான் குத்திய எண்ணைத்தான் நம்புவேன். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பின் சீட்டைத் தூக்கினால் தரையின் நடுவே ஓடும் மேட்டில் தெரியும்.

படி 2: பென்சில் நகல் எடுங்கள்

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். எண்ணும் மழுங்கும், அப்புறம் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகமும் வரும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் பதிந்துவிடும். ஒரு பீட்டிலில் துரு மறைத்ததால், எண்ணின் தொடக்கமான 118 என்பதை நான் 116 என்று படித்துவிட்டேன். அதில் மூன்றாம் இலக்கம்தான் மாடல் வருடம். முகப்பு விளக்கு செங்குத்தாக நிற்கிறதே, 1966 என்றால் சாய்வாக அல்லவா இருக்க வேண்டும் என்று உறைத்த பிறகுதான் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வருடம் தப்பு!

படி 3: எண்ணிப் பாருங்கள்

எழுத்தும் இலக்கமும் சேர்த்து மொத்தம் 17 இருந்தால் வேலை சுலபம். அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்து இதுதான் கட்டாயம். முதல் இடத்தில் ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ ஜெர்மனி, 1 அமெரிக்கா. 17-க்குக் குறைவா? அப்படியானால் அந்தந்தக் கம்பெனியின் தனி மொழியைக் கற்க வேண்டியதுதான்.

படி 4: கம்பெனி மொழியில் படியுங்கள்

மேலே சொன்ன பீட்டிலில் 11 என்பது மாடல், 8 என்பது 1968. ஆனால் அந்த 1968 மாடல் வருடம் 1967 ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது, கவனம்.

ஃபோர்டு மஸ்டாங்கில் 5ஆர்07சி என்று தொடங்கினால்: 5 என்றால் 1965, ஆர் என்றால் சான் ஹோசே ஆலை, 07 கூரை உள்ள இரண்டு கதவு பாடி, சி என்பது 289 கன அங்குல வி8 என்ஜின். மீதி ஆறு இலக்கம் வரிசை எண்.

எனக்குப் பிடித்தது ஜாகுவார் ஈ-டைப். 1961-இல் வந்த முதல் வரிசையில், திறந்த கார்களுக்கு வலப்பக்க ஸ்டியரிங் என்றால் 850001 முதல், இடப்பக்கம் என்றால் 875001 முதல் எண் போட்டார்கள். இன்று ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்து, எண் 875 என்று தொடங்கினால்? யாரோ பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள்.

படி 5: ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்

சில கம்பெனிகளின் பழைய பதிவேடுகள் பத்திரமாக உள்ளன. ஜாகுவாருக்கு, ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறது. ஆலையிலிருந்து கிளம்பியபோதிருந்த நிறமும் என்ஜின் எண்ணும் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்து, என்ஜினில் குத்தியிருப்பதையும் இதேபோல் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிடுங்கள்.