ஏசி கரண்ட் பில் எகிறுகிறதா? முதலில் ஃபில்டரைக் கழற்றுங்கள்

கோடையில் ஏசி ஓடியும் அறை குளிரவில்லை என்றால், உடனே கேஸ் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பாதி நேரம் குற்றவாளி தூசி படிந்த ஃபில்டர்தான். காற்று உள்ளே போகாததால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். சில சமயம் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டி, உருகும்போது சுவரில் தண்ணீர் வழியும்.

மெயின் சுவிட்சை அணைத்து, முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவுங்கள். தூசி ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும். பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்தால் தூசி அப்படியே கழன்று விழும். முன்பக்கம் அடித்தால் கண்ணிகளுக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடைதான். கோடை முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யலாம்.

ஏசியை 26-ல் வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாகச் சுழலவிடுங்கள். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை.

பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேனுக்கு (பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் புது வகை) 30 வாட் அளவே போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். ஆனால் பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது, ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடும்; நேராக சுவிட்சுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.