பீட்டில் காரின் பின் ஆக்சில் ஆயில் சீலை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின் சக்கரத்தில் எண்ணெய் கசிவதைக் கண்டதும், எண்ணெயை உள்ளே தடுத்துவைக்கும் வளையமான ஆயில் சீல் போய்விட்டது என்று முடிவுகட்டிச் சீலை மட்டும் வாங்கி வந்து வேலையைத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஸ்விங் ஆக்சில் (கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் மூட்டு உள்ள பின் ஆக்சில்) கொண்ட பீட்டிலில் கியர்பாக்ஸும் அதன் இருபுறமும் நீளும் ஆக்சில் குழாய்களும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. சக்கரப் பேரிங்கும் அந்த எண்ணெயிலேயே ஓடுகிறது. அந்த எண்ணெய் வெளியேறப் பல வழிகள் உண்டு. சீல் அவற்றில் ஒன்று மட்டுமே.

ஆகவே, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிரேக்கின் வீல் சிலிண்டரிலிருந்து கசியும் பிரேக் திரவத்தைக் கியர் எண்ணெய் என்று எண்ணிவிடுவது உண்டு. கியர் எண்ணெய் கெட்டியாகவும் கந்தக நெடியோடும் இருக்கும். பிரேக் திரவம் நீர்த்திருக்கும், பட்ட இடத்துப் பெயின்ட்டை உரித்துவிடும். சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய நட்டைச் சுற்றி ஈரம் தெரிந்தால், எண்ணெய் சீலைத் தாண்டி வரவில்லை. ஆக்சிலில் மாட்டிய ஸ்பேசர் வளையத்துக்கும் ஆக்சிலுக்கும் இடையே, சிறிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தளர்ந்த இடத்தின் வழியாக, ஆக்சிலின் பற்களை ஒட்டியே வெளியே வந்திருக்கிறது. அந்த ஓ-ரிங்கை விட்டுவிட்டு எத்தனை சீல் மாற்றினாலும் கசிவு நிற்காது.

கார் எந்த வகை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான பீட்டில்கள் 1969ஆம் ஆண்டு மாடலிலிருந்து இரண்டு மூட்டுகள் கொண்ட வேறொரு பின் அமைப்புக்கு மாறின. 1302, 1303 மாடல்களிலும் அதுவே. அவற்றில் சக்கரப் பேரிங் கிரீஸில் ஓடுகிறது. கீழே சொல்வதெல்லாம் ஸ்விங் ஆக்சிலுக்கு உரியது.

அடுத்த தவறு, காரை ஜாக்கியில் ஏற்றிய பிறகு 36 மில்லிமீட்டர் நட்டைக் கழற்ற முயல்வது. அத்தனை விசையை ஸ்டாண்டின் மேல் நிற்கும் காரில் செலுத்தினால் கார் சரிந்துவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டு சுழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை உருவிவிட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். ஹேண்ட்பிரேக்கை நம்ப வேண்டாம். எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூக்கள் டிரம்மைப் பிடிக்கமாட்டா. கியரில் போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, சாக்கெட்டின் கைப்பிடியில் நீளமான குழாயைச் செருகித் திருப்பினால் போதும். உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்பவர்கள் நட்டின் மூலைகளையும் ஆக்சிலின் மரையையும் ஒருசேரக் கெடுக்கிறார்கள்.

டிரம் வர மறுத்தால் விளிம்பில் நெம்பாமல் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்திப் பாருங்கள். அதன் பிறகும் வராவிட்டால் டிரம்மை இழுத்தெடுக்கும் புல்லர் கருவி வேண்டும். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

வேலையின் உயிர்நாடி ஸ்பேசரில் இருக்கிறது. சீலின் உதடு (உள் விளிம்பு) ஆக்சிலைத் தொடுவதில்லை. ஆக்சிலின் மேல் செருகியிருக்கும் ஸ்பேசர் என்ற உருக்கு வளையத்தின் மேல்தான் உரசிக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் ஓடிய ஸ்பேசரைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், உதடு உரசிய இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று வட்டமாக ஓடுவது தெரியும். நகத்தை குறுக்காக இழுத்தால் அங்கே தட்டும். நகம் தட்டுகிற ஸ்பேசரையும் துருப்புள்ளி விழுந்த ஸ்பேசரையும் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இந்தச் செலவை மிச்சப்படுத்துபவர்கள், புதுச் சீல் சில வாரங்களிலேயே கசியத் தொடங்கியதும் சீலின் தரத்தைக் குறைசொல்கிறார்கள். புதிய ஸ்பேசரைச் செருகும்போது சரிவு வெட்டிய ஓரம் உட்புறம், ஓ-ரிங் பக்கம், பார்த்திருக்க வேண்டும்.

சீல் செட்டில் வரும் பெரிய ஓ-ரிங், சிறிய ஓ-ரிங், காகிதக் கேஸ்கெட், காட்டர் பின் அனைத்தையும் மாற்றுங்கள். ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறியிருப்பதால், கழற்றிய ஒவ்வொன்றையும் புதியதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே பொருத்துவது நல்லது. பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் சீலன்ட்டை அப்புவது கசிவை ஒளித்துவைக்குமே தவிர நிறுத்தாது. சீல் பொருந்தியிருக்கும் பேரிங் மூடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டு வளையம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை, அதாவது பேரிங்கை, பார்த்திருக்க வேண்டும். ஸ்குரூடிரைவர் முனையால் ஒவ்வொரு மூலையாகத் தட்டினால் சீல் சாய்ந்து இறங்கும். சீலின் அகலத்துக்குத் தட்டையான கட்டையை வைத்து நேராக இறக்குங்கள். உதட்டில் எண்ணெய் தடவாமல் பூட்டினால், முதல் ஓட்டத்திலேயே அது உலர்ந்து உரசிக் கருகும். மூடியின் எண்ணெய் வடியும் துளை கீழே இருக்கும்படி பொருத்துங்கள். அந்தத் துளை அழுக்கடைந்தாலோ மேலே திரும்பியிருந்தாலோ, சீலைத் தாண்டும் சொற்ப எண்ணெயும் வெளியே சொட்ட வழியின்றி நேராகப் பிரேக்கில் போய் விழும்.

எண்ணெய் ஊறிய ஷூக்களைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் வாட்டியோ திரும்பப் போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சூடேறும்போது உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி கசிந்து, பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். இரு பக்கமும் புதிய ஷூக்கள் போட வேண்டும்.

நட்டை இறுக்க வேண்டிய அளவு 30 கிலோகிராம்-மீட்டர், ஏறத்தாழ 294 நியூட்டன் மீட்டர். சாதாரண டார்க் ரெஞ்ச் இந்த அளவை எட்டாது என்பதால் பலர் கை உணர்வில் விட்டுவிடுகிறார்கள், அது ஆபத்து. தளர்ந்த நட்டில் டிரம் ஆடி, அதன் பற்கள் மழுங்கி, ஒருநாள் சக்கரம் சுற்றாமல் ஆக்சில் மட்டும் சுற்றும். குழாயைத் தரைக்கு இணையாகப் பிடித்து, நட்டின் மையத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளி 30 கிலோ எடையைச் செலுத்தினால் அதே அளவு கிடைத்துவிடும். காட்டர் பின் துளை நேராக வரவில்லையென்றால் அடுத்த துளை வரும்வரை இன்னும் இறுக்குங்கள். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது.

கடைசியாக, எண்ணெய். எஸ்ஏஇ 90 ஹைப்பாய்டு வகையை, கார் சமதளத்தில் நிற்கையில், நிரப்பும் துளையின் கீழ் விளிம்புவரை ஊற்ற வேண்டும். முழுவதும் வடித்திருந்தால் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் பிடிக்கும். அவசரமாக ஊற்றினால் ஆக்சில் குழாய்களுக்குள் எண்ணெய் பரவுவதற்குள் துளை வழிந்து, நிரம்பிவிட்டதுபோல் காட்டும். சிறிது ஊற்றி, நின்று, மறுபடி ஊற்றுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து எண்ணெய் மட்டத்தையும் நட்டின் இறுக்கத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.