ஸ்க்விட் கேமில் பார்த்த தக்ஜி: இரண்டு தாளில் மடிப்பது எப்படி?

மே மாத லீவுக்கு அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாம்பழ சீசன். வெயில் தாழும்வரை வெளியே விட முடியாது. பெரியவன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அத்தை, இதை எப்படி மடிச்சிருக்காங்க?" என்று கேட்டான்.

'ஸ்க்விட் கேம்' என்ற கொரியத் தொடரிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு வீடியோ. ரயில் நிலையத்தில் கோட் சூட் போட்ட ஒருவர் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே பணக்கட்டு, கூடவே சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு சதுர வில்லைகள். கதாநாயகன் நீலத்தை எடுத்துக்கொள்கிறான். தரையில் கிடக்கும் வில்லையைத் தன் வில்லையால் அடித்துப் புரட்ட வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு லட்சம் வொன், கொரியப் பணம். தோற்றவனிடம் காசு இல்லையென்றால் கன்னத்தில் ஒரு அறை.

2021 செப்டம்பரில் வந்த அந்தத் தொடரில் ரத்தம் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம், நான் காட்டவில்லை. ஆனால் அந்த வில்லைக்கும் தொடரின் வன்முறைக்கும் சம்பந்தமில்லை. கொரியாவில் பிள்ளைகள் காலங்காலமாகத் தெருவில் ஆடும் ஆட்டம் அது. வில்லைக்குப் பெயர் தக்ஜி. தீப்பெட்டிப் படமும் சிகரெட் அட்டையும் சேர்த்து வைத்து ஆடியவர்களுக்கு இந்த ஆட்டம் உடனே பிடிபட்டுவிடும்.

திரையில் காகித மடிப்பு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை உண்டு. முடிந்த பொருள்தான் நம் கண்ணுக்கு வரும். 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தின் கடைசியில் பளபளக்கும் தாளில் மடித்த ஒற்றைக்கொம்புக் குதிரை தரையில் கிடக்கும். 2005இல் தொடங்கிய 'பிரிசன் பிரேக்' தொடரில் கதாநாயகன் மைக்கேல் மடித்த கொக்குகள் வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து நாமும் மடிக்க உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. தக்ஜி அப்படியில்லை. வெளியே தெரியும் எல்லாக் கோடும் மடிப்புக் கோடுதான். கூர்ந்து பார்த்தால் மடித்த வழி புரிந்துவிடும். முதன்முதலாகத் தாளைத் தொடுகிறவர் இதில் தொடங்கலாம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

தாள்

ஒரே அளவில் இரண்டு தாள் வேண்டும். சிவப்பு, நீலம் கிடைத்தால் நல்லது, ஜெராக்ஸ் கடையில் வாங்கும் வெள்ளை ஏ4 தாளே போதும். எங்கள் வீட்டில் சரியாக வந்தது, பள்ளி திறந்தபோது புத்தகத்துக்கு அட்டை போட்டு மிஞ்சியிருந்த பிரவுன் ஷீட். கனம் உண்டு, மடித்தால் உடையாது. கல்யாணப் பத்திரிகையைப் பிள்ளைகள் ஆசையாக எடுத்து வந்தார்கள். அது மடித்த இடத்தில் வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிந்துவிட்டது. செய்தித்தாள் மடிக்க சுகம், ஆனால் அடித்தால் சத்தமே வராது.

படி 1: சதுரம்

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., நீளம் 29.7 செ.மீ. குட்டையான பக்கத்தை நீளமான பக்கத்தின் மேல் கொண்டுவந்து சாய்வாக மடியுங்கள். முக்கோணம் கிடைக்கும். அதற்கு வெளியே 8.7 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும். அதை வெட்டிவிட்டுப் பிரித்தால் 21 செ.மீ. சதுரம். இரண்டாவது தாளுக்கும் இப்படியே.

படி 2: மூன்றாக மடிப்பது

புதிதாக மடிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். இரண்டாக மடிப்பது யாருக்கும் வரும், மூன்றாக மடிப்பது கண்ணளவில் வராது. ஸ்கேல் வைத்து 7, 14 செ.மீ.யில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி பென்சிலால் வையுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் தாளின் இரு ஓரத்தையும் மடிக்காமல் உள்ளே வளையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மூன்று அடுக்கும் ஒரே அகலம் என்று தெரியும்வரை நகர்த்திவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். அவசரப்பட்டு முதலிலேயே அழுத்தினால் பழைய கோடு தாளில் நின்றுவிடும். கலர் தாள் என்றால் கலர் வெளியே இருக்கட்டும்.

மடித்த கோட்டை விரல் நுனியால் தடவினால் போதாது. நகத்தின் முதுகால் ஒரு முறை இழுங்கள், அல்லது ஸ்கேலின் ஓரத்தால் தேயுங்கள். இப்போது 7 செ.மீ. அகலம், 21 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் கையில் இருக்கும்.

படி 3: முனைகள்

ஒரு பட்டையைத் தாளின் திறந்த ஓரம் மேலே தெரியும்படி படுக்கையாக வையுங்கள். இடது முனையின் கீழ் மூலையைத் தூக்கி, அந்தக் குட்டை ஓரம் பட்டையின் மேல் ஓரத்தோடு ஒட்டி நிற்கும்படி மடியுங்கள். வலது முனையில் நேர்மாறாக, மேல் மூலையைக் கீழே இறக்கி, குட்டை ஓரத்தைக் கீழ் ஓரத்தோடு சேருங்கள். நடுவில் ஒரு சதுரம், இரு பக்கமும் ஒவ்வொரு முக்கோணம். மொத்தத்தில் பட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது பட்டையையும் அச்சு அசலாக இப்படியே மடியுங்கள். இந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன். முதல் பட்டையில் கீழ் மூலையைத் தூக்கியவள், அடுத்ததில் கை போன போக்கில் மேல் மூலையை இறக்கிவிட்டேன். எத்தனை முறை கோர்த்தாலும் வில்லை பூட்டிக்கொள்ளாமல் பிரிந்து விரிந்தது. சின்னவள்தான் இரண்டு பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, இது ரெண்டும் வேற வேற பக்கம் சாயுதுங்க" என்றாள். ஆறு வயதுப் பிள்ளை கண்டுபிடித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதனால் கோர்ப்பதற்கு முன் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். கொஞ்சமும் வெளியே தெரியாமல் மறைந்தால் சரி.

படி 4: கோர்ப்பது

ஒரு பட்டை படுக்கையாக, அதன் மேல் இன்னொன்று செங்குத்தாக, கூட்டல் குறி போல. நடுச் சதுரங்கள் இரண்டும் பொருந்த வேண்டும். மடித்த மூலைகள் இரண்டிலும் மேலே தெரிய வேண்டும். நான்கு முக்கோணமும் காற்றாடி இறக்கை மாதிரி நாலு பக்கமும் நிற்கும்.

இனி கடிகார முள் சுற்றும் திசையில் போங்கள். இடது முக்கோணத்தை நடுச் சதுரத்தின் மேல் மடியுங்கள். அதன் மேல் மேலே நிற்கும் முக்கோணம். அதன் மேல் வலது. கடைசியாகக் கீழே இருப்பதை வலதின் மேல் மடித்து, முதலில் மடித்த இடது முக்கோணத்தைக் கொஞ்சம் தூக்கி, கூர்நுனியை அதன் அடியில் செருகிவிடுங்கள். அட்டைப்பெட்டியின் வாயை டேப் இல்லாமல் நாலு மடலையும் ஒன்றுக்குள் ஒன்று விட்டு மூடுவோமே, அதே வேலைதான். பசை வேண்டாம்.

மேலே பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு தெரிந்தால் வில்லை தயார். அகலம் 7 செ.மீ. எங்கே தொட்டாலும் 18 அடுக்குத் தாள்: அடியில் இரண்டு பட்டையும் சேர்ந்து 6, மேலே மடிந்த முக்கோணங்கள் 12. இரண்டே தாள் இவ்வளவு கனமாகக் கையில் உட்காருவது இதனால்தான்.

ஆடும்போது

எதிராளியின் வில்லை தரையில். உங்களுடையதைத் தலைக்கு மேல் ஓங்கி, தட்டையாக விழும்படி அடியுங்கள். நடு மையத்தில் அடித்தால் அது நகராது. ஓரத்துக்குப் பக்கத்தில் விழும்போது இன்னொரு ஓரம் எம்பும், அடிக்கும் வேகத்தில் தள்ளப்படும் காற்றும் அடியில் புகுந்து தூக்கிவிடும். புரண்டால் வில்லை உங்களுக்கு. எங்கள் வீட்டில் அறைக்குப் பதிலாக ஒரு மாங்கொட்டை பந்தயம். சிமென்ட் தரையில் கேட்கிற 'பட்' சத்தத்துக்காகவே பிள்ளைகள் மத்தியானம் முழுக்க ஆடினார்கள்.

அடுத்து எது?

இது கைக்கு வந்தபின் கொக்குக்குப் போகலாம். கனமான தாள் அதற்கு ஆகாது, மெல்லிய கிளேஸ் பேப்பரில் 15 செ.மீ. சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். மடிப்புப் படங்களில் சின்னச் சின்னக் கோடுகளாக வந்தால் உள்பக்கம் மடிக்க வேண்டும், கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் வெளிப்பக்கம். இந்தக் குறிகளுக்கு வழி போட்டவர் ஜப்பானின் காகித மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா. 2012 மார்ச் 14 அன்று கூகுள் தன் முகப்பிலேயே மடித்த எழுத்துகளை வைத்து அவரை நினைவுகூர்ந்தது.

படம் பார்த்துப் புரியவில்லையென்றால் அரவிந்த் குப்தாவின் வீடியோக்களைத் தேடுங்கள், தமிழிலும் இருக்கின்றன. ஐஐடி கான்பூரில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத்தரப் போனவர். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். சினிமாவில் நமக்குக் காணக் கிடைக்காத, மடிக்கும் கைகளை அவர் வீடியோக்களில் நிதானமாகப் பார்க்கலாம். நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கூடவே மடியுங்கள்.

தக்ஜியைப் பத்து இருபது முறை அடித்தபின் முக்கோணங்கள் தளர்ந்து மேலே எம்பிக்கொள்ளும். தூக்கிப் போடாதீர்கள். நுனியை மறுபடி செருகி, ராத்திரி அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் எடுத்தால் ஓட்டுச்சில்லு மாதிரி விறைப்பாக இருக்கும்.