குவாரிக் குளம் பார்க்கப் போவது எப்படி? புக்கித் தீமாவில் முதல் நடை

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் “நாளைக்குக் காலைல குளம் பாக்கப் போறோம்” என்று சொன்னதுதான் தாமதம், ஒரு துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தஞ்சாவூர்க்காரர். அவருக்குக் குளம் என்றால் படித்துறை இருக்கும், காலையாவது நனைக்கலாம். சிங்கப்பூரின் புக்கித் தீமா மலையடியில் இருக்கும் ஹிண்ட்ஹீட் குவாரியின் மரவேலி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “படித்துறை எங்கடா தம்பி?”

“இங்க இறங்கக் கூடாதும்மா. இது வெட்டுன குழி.”

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த ஏரி கிடையாது. 1868இல் உருவான மெக்ரிச்சி நீர்த்தேக்கம்கூட அணை கட்டித் தேக்கிய நீர்தான். புக்கித் தீமா மலையைச் சுற்றியிருக்கும் குளங்கள் பழைய கல்குவாரிகள். இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய கருங்கல்லை வெடிவைத்துத் தகர்த்துச் சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். மலேசியாவுக்குப் போக 1924இல் திறந்த ஜொகூர் கடற்பாலத்துக்கும் இங்கிருந்தும் புலாவ் உபின் தீவிலிருந்தும்தான் கல் போனது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டிக்கொண்டிருக்கும்வரை தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். வேலை நின்று பம்பும் நின்றதும் ஊற்றும் மழையும் குழியை நிரப்பிவிட்டன. அதனால்தான் சரிவே இல்லாமல் கரையிலேயே ஆழம் தொடங்குகிறது. ஹிண்ட்ஹீடில் சுமார் 18 மீட்டர், ஆறு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

1. நாளும் நேரமும்

ஹிண்ட்ஹீட் பூங்கா காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை. ஏழேகாலுக்கு அங்கே நில்லுங்கள். காற்று எழுவதற்கு முன் பாறைச்சுவர் அப்படியே தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கும். ஒன்பது மணிக்குப் போனால் அது கலைந்துவிடும். வார நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறில் மலையேறும் கூட்டத்தின் பேச்சுச் சத்தமே பறவைகளை விரட்டிவிடும்.

கிளம்பும் முன் மைஎன்வி என்ற வானிலைச் செயலியில் மழை ரேடாரைப் பார்த்துவிடுங்கள். இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 170 நாள் இடி இடிக்கிறது. நடுக் காட்டில் இடி கேட்டால் குடையை விரித்துக்கொண்டு மரத்தடியில் நிற்காமல் பார்வையாளர் நிலையத்துக்குத் திரும்பி நடங்கள்.

2. பையில் என்ன

தண்ணீர், கொசு மருந்து, மெல்லிய மழைக்கோட்டு, பிடிமானமுள்ள காலணி. பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இதற்காக வாங்க வேண்டாம்.

சாப்பாடு கொண்டு போனால் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் இருக்கட்டும். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். டெக்கா சந்தையில் வாங்கிய பருப்பு வடையை, சிவப்பு பிளாஸ்டிக் பையோடு விரலில் தொங்கவிட்டு நடந்தேன். நீண்டவால் குரங்கு ஒன்று எதிரே நிதானமாக நடந்து வந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அது என்னைப் பார்க்கவே இல்லை, பையை மட்டும்தான் பார்த்தது. அடுத்த நொடி விரலில் கைப்பிடி வளையம் மட்டும் மிச்சம். மரத்தில் உட்கார்ந்து வடையைப் பிய்த்து, மிளகாயை மட்டும் பொறுக்கிக் கீழே போட்டது. அம்மா சிரித்துக்கொண்டே, “ஆஞ்சநேயருக்குப் படைச்சதா நெனச்சுக்க” என்றார்.

நீங்களாகக் கொடுத்தீர்களானால் கதை வேறு. காட்டுயிருக்கு உணவளிப்பது குற்றம், முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். குரங்கு அருகே வந்தால் கண்ணைப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள்; அதன் பாஷையில் அது சண்டைக்கு அழைப்பது. ஓடாமல் மெல்ல விலகுங்கள்.

3. போகும் வழி

டௌன்டவுன் ரயில் தடத்தில் பியூட்டி வேர்ல்டில் இறங்கி, அப்பர் புக்கித் தீமா சாலையோரமாக வடக்கே நடந்து ஹிண்ட்ஹீட் டிரைவில் வலப்பக்கம் திரும்புங்கள். இருபது நிமிடம் ஆகும். பார்வையாளர் நிலையத்தில் கழிப்பறை இருக்கிறது, அங்கேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். நேரே செங்குத்தாக ஏறும் தார்ச்சாலை 163 மீட்டர் உச்சிக்குப் போவது. முதல் தடவை வருபவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக அதில் ஏறிவிடுகிறார்கள். உச்சியில் ஒரு பாறையும் பலகையும்தான். மலை ஓடிப் போகாது, இன்றைக்கு விட்டுவிடுங்கள். ஹிண்ட்ஹீட் குவாரி என்று அம்புக்குறி காட்டும் பக்கம் போனால் பத்து நிமிடத்துக்குள் தண்ணீர்.

4. நின்று பார்ப்பது

பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். வருகிறார்கள், ஒரு செல்ஃபி, இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் சரி. நீங்கள் வந்த சத்தம் அடங்கவேண்டும்.

பிறகு கரையோரத்தில் ஆரம்பியுங்கள். தண்ணீருக்கு மேல் நீளும் காய்ந்த கிளைகளில், அடியில் வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கும் கிளை எது என்று தேடுங்கள். அது மீன்கொத்தியின் நாற்காலி. பறவை இப்போது இல்லாவிட்டாலும் கண்ணை அதன்மேல் வைத்திருங்கள், திரும்ப வரும். தட்டானும் அப்படித்தான்: விரட்டிக்கொண்டு போய்விட்டு அதே குச்சி நுனிக்கு வந்து உட்காரும்.

அடுத்து நீர்ப்பரப்பு. கட்டைவிரல் அளவில் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றால் ஆமைத்தலை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு தெரிகிறதா? அது அமெரிக்க ஆமை; வீட்டில் வளர்த்து அலுத்தவர்களும், புண்ணியம் என்று நினைத்தவர்களும் விட்டுவிட்டுப் போன இனம். விசாக தினத்தை ஒட்டி இது அதிகம் நடக்கும். விடப்படும் பிராணிகளில் பல பிழைப்பதில்லை. பிழைப்பவை இங்கேயே இருக்கும் உயிர்களின் இரையைப் பிடுங்கிக்கொள்கின்றன.

கடைசியாகத் தலையை உயர்த்திப் பாறைச்சுவரையும் மரங்களையும் பாருங்கள். வாலில் இரண்டு நீளக் கம்பி, கம்பி நுனியில் இறகு தொங்க ஒரு கருப்புப் பறவை குறுக்கே போகும். துடுப்புவால் கரிச்சான். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும், அதனால் காதை நம்பி எந்தப் பெயரையும் குறித்துவைக்காதீர்கள்.

5. இரண்டாவது குளம், தெம்பு இருந்தால்

பியூட்டி வேர்ல்டுக்குத் திரும்பி இரண்டு நிறுத்தம் தள்ளி ஹில்வியூவில் இறங்கினால் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா. முன்பு பால்பண்ணை இருந்த இடம். அதற்குள் இருக்கும் சிங்கப்பூர் குவாரியின் பார்வை மேடைவரை ரயில் நிலையத்திலிருந்து நிதானமாக நடந்தால் முக்கால் மணி. ஹிண்ட்ஹீட் ஒடுங்கிய கிணறு மாதிரி. இது அகலம், ஓரமெல்லாம் சதுப்பு, கோரை. நாரை, உடும்பு பார்க்க இதுவே தோது. 1854இல் புக்கித் தீமா வட்டாரக் காடுகளில் திரிந்த ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். பூங்காவின் ஒரு நடைபாதைக்கு அவர் பெயர்தான்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம். புக்கிட் கோம்பாக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லிட்டில் குய்லின் இருக்கிறது. அதுவும் பழைய குவாரிதான், ஆனால் காடு இல்லை, ஏற்றம் இல்லை, உட்காரப் பெஞ்சு உண்டு. வெயில் தாழ அம்மாவை அங்கேதான் கூட்டிப்போனேன். தண்ணீருக்கு நடுவே நின்ற பாறையை வெகுநேரம் பார்த்துவிட்டு, பையிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டார்.