சிறுத்தைப் பல்லித் தொட்டி: ஏர்கோன் இரவுக்கு ஒரு கணக்கு, மதிய வெயிலுக்கு ஒரு கணக்கு

"கோலாலம்பூர் வெயிலில் பல்லிக்கு ஹீட்டரா?" என்று கேட்காத ஆள் இல்லை. சுவரில் ஓடும் வீட்டுப் பல்லிக்கு அது தேவையில்லைதான். லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லியின் பூர்வீகமோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலம். விரல்களில் ஒட்டும் தகடு இல்லாததால் கண்ணாடியில் ஏறாது. தரையோடு கிடந்து, வயிற்றைச் சூடான கல்லில் வைத்துத்தான் தின்றதைச் செரிக்கும். 20 டிகிரியில் ஏர்கோன் ஓடும் படுக்கையறையில் சூடான மூலை இல்லையென்றால், தின்ற கிரிக்கெட் பூச்சியைச் செரிக்காமல் கக்கிவிடக்கூடும்.

60க்கு 45 செ.மீ. கண்ணாடித் தொட்டி, கம்பிவலை மூடி. சூடான பக்கத்தில் தரை 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 24 முதல் 27. இதில் நம் ஊரில் கைவிட்டுப் போவது குளிர்ந்த பக்கம்தான். அது 30ஐத் தாண்டினால் பல்லிக்கு ஒதுங்க இடமில்லை. மேற்குப் பார்த்த கொண்டோ ஜன்னலோரம் தொட்டி வைக்கவே கூடாது.

சூடான மூலைக்குத் தொட்டியின் அடியில் ஒட்டும் மின்சூட்டுத் தகடுதான் ஹீட் மேட். அது அறையின் சூட்டைப் பார்ப்பதில்லை. அதன்மேல் தன் சூட்டைக் கூட்டும், அவ்வளவுதான். இரவு 20 டிகிரி அறையில் தரையை 32க்குக் கொண்டுவரும் மேட், ஏர்கோன் அணைந்து அறை 32 ஆகும் மதியத்தில் 44ஐத் தொடும். வயிறு வெந்துபோகும். ஆகவே சென்சாரால் சூட்டை அளந்து மேட்டைத் தானே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைச் செருகாதீர்கள். பிளக்கோடு வரும் டிஜிட்டல் வகையே போதும். புடு ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும், பிளக் இல்லாத வெற்றுக் கண்ட்ரோலர் மலிவு. ஒயரிங் தெரியாதவர் அதைத் தொட வேண்டாம்.

இணையத்தில் வாங்கும் மேட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நம் 240 வோல்ட்டில் அது நான்கு மடங்கு வாட் இழுக்கும். பிளக்கில் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை இருக்க வேண்டும், ஃபியூஸ் 3 ஆம்ப் போதும். வாட்டைக் குறைவாகவே வாங்குங்கள்: 28க்கு 28 செ.மீ. மேட்டுக்கு 10 வாட் பக்கம். தெர்மோஸ்டாட்டின் உள்சுவிட்சான ரிலே ஒருநாள் ஒட்டிக்கொண்டு அணையாமல் போனாலும் சின்ன மேட் செய்யும் கேடு குறைவு.

மேட்டைத் தொட்டியின் வெளிப்புற அடியில், ஒரு பக்கமாக, குமிழி விழாமல் ஒட்டவும். தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்கக்கூடாது. நான்கு மூலையிலும் 1 செ.மீ. ரப்பர்க் கால் வைத்துத் தொட்டியைத் தூக்கிவிடுங்கள். மரமேசையோடு ஒட்டியிருந்தால் சூடு போக வழியில்லாமல் கண்ணாடி விரிசல் விடும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைப்பதே நல்லது. தொட்டிக்குள் வைத்தால் பல்லி இழுத்துக் குளிர்ந்த பக்கம் போட்டுவிடும். மேட் நிற்காமல் சுடும். உள்ளே டேப் ஒட்டுவதும் ஆகாது, பல்லியின் தோல் அதில் ஒட்டி உரிந்துவரும். சென்சார் வெளியே இருப்பதால் தெர்மோஸ்டாட்டை நேரே 32 என்று வைத்தால் மேல்தரை சூடேறாது. சற்றுக் கூட்டி வைத்து, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தரையை அளந்து, 32 வரும்வரை திருத்துங்கள்.

தரைக்கு மணல் வேண்டாம், 'கால்சியம் மணல்' அறவே வேண்டாம். பூச்சியோடு விழுங்கியது குடலில் அடைக்கும். கனமாகப் போட்டால் மேட்டின் சூடும் மேலே வராது. கம்பளத்தில் நகம் சிக்கும். 15 செ.மீ.க்குக் குறைந்த குட்டிக்குச் சமையலறைக் காகிதம். பெரியதற்குப் பளபளப்பில்லாத டைல்ஸ்.

30 செ.மீ. டைல் மூன்று போதும். வெட்டித்தரும் கடையில் தொட்டியின் வெளியளவைச் சொல்லிவிடாதீர்கள். 5 மி.மீ. கண்ணாடி என்றால் உள்ளளவு 59க்கு 44தான். 29.3 செ.மீ. சதுரம் இரண்டு, 29.3க்கு 14.3 துண்டு இரண்டு என்று கேளுங்கள். சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி நிற்கும், இறுக்கிப் போட்டால் கண்ணாடி உடையும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள், அதுதான் பாதத்தைக் கிழிப்பது. இடைவெளியில் பூச்சி ஒளியாமலிருக்க ஓரமாக மட்டும் மீன்தொட்டி சிலிக்கோன். புளிக்காடி வாடை முற்றிலும் போகும்வரை, குறைந்தது 48 மணி நேரம், பல்லியை விட வேண்டாம். பல்லியின் சாமான்களைக் கழுவுவது குளியலறையில், சால்மொனெல்லா கிருமி பரவும் என்பதால் சமையலறை சிங்க்கில் கூடாது. பினாயிலும் கூடாது.

நம் ஊர்க் காற்றின் ஈரம் இதற்கு அதிகம். தண்ணீர்க் கிண்ணம் சின்னதாக, குளிர்ந்த பக்கம். தோலுரிக்க ஈரப்பாசி போட்ட ஒரு மூடிய டப்பா மட்டும் போதும். மூக்கில் நுரை, வாய் திறந்த மூச்சு தெரிந்தால் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பல்லியை விடுமுன் இரண்டு நாள் வெறுந்தொட்டியை ஓடவிட்டு, மதியம் 3 மணிக்கும் விடிகாலை 5 மணிக்கும் இருபக்கத் தரையையும் அளந்து எழுதுங்கள். மதியம் சூடான பக்கம் 34ஐத் தாண்டினால், மேட் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் சென்சார் நகர்ந்திருக்கும் அல்லது ரிலே ஒட்டியிருக்கும். ஓடவில்லையென்றால் கோளாறு அறையில், இடத்தை மாற்றுங்கள். பூச்சி வாடைக்கு எறும்பும் வரும். மேசைக்கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்திவிடுங்கள்.